விசாவில் பெயர் இல்லாத பிள்ளை

மகன்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. டிலானிக்கு இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது, நீங்களும் அப்பாவும் வாங்கோ, வந்தால் பிறகு திரும்பிப் போற கதையே வேண்டாம் என்று சொன்னாய். நான் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அதற்குள் உன் வீட்டுக்கு யாரோ நண்பர் வந்துவிட்டார். நீ போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு அவரோடு கதைக்கப் போனாய். உன் மூத்தவள் செரா மேசையில் இருந்து நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். "இவ பிறந்ததாலதான் எங்களுக்கு ஒரு வருசம் வீணாப் போனது" என்று நீ அந்த நண்பருக்குச் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குக் கேட்டது. செராவுக்கும் கேட்டது. அவள் தீட்டுவதை நிறுத்திவிட்டு உன் பக்கம் பார்த்தாள். நீ அவளைப் பார்க்கவில்லை. நான் இங்கே மன்னாரில், தோட்டவெளியில், கதிரையில் இருந்து போன் திரையில் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே கதைப்பாய், நானும் பாதியில் விட்டுவிடுவேன்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். செரா தமிழ் வாசிக்கப் பழகினால் ஒருநாள் அவளும் இதை வாசிக்கலாம். அவளுக்கு எல்லாம் விளங்க வேண்டும்.

நீயும் டிலானியும் கொழும்பில் நல்லபடியாகத்தான் இருந்தீர்கள். நீ ஒரு கொம்பனியில் கணக்காளர், அவள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்தாள். கனடாவுக்கு விண்ணப்பித்ததை எங்களுக்குப் பிந்தித்தான் சொன்னீர்கள். எல்லாப் பரிசோதனையும் முடிந்து, பாஸ்போட்டை அனுப்பச் சொல்லிக் கேட்டவுடன், இனி விசா நிச்சயம் என்று நீ வேலையை விட்டாய். வெள்ளவத்தை வீட்டைத் திருப்பிக் கொடுத்து, கட்டிலையும் பிரிட்ஜையும் விற்று, பெரிய சூட்கேசுகளோடு தோட்டவெளிக்கு வந்தீர்கள். "ரெண்டு கிழமை நிண்டிட்டுப் போறம்" என்றாய். டிலானி அடம்பனுக்குப் போய்த் தன் தாய் தகப்பனோடு நின்றுவிட்டு வந்த அந்தக் கிழமையே கொரோனாவுக்காக ஊரடங்கு போட்டார்கள். விமான நிலையம் மூடியது. கனடாவும் எல்லையை மூடியது. மூடுவதற்கு முன் அனுமதி கிடைத்தவர்கள் வரலாம், பிறகு கிடைத்தவர்கள் பொறுத்திருக்க வேண்டும் என்றார்கள். உன்னுடையது சில நாட்கள் பிந்தி வந்தது.

"அனுமதி இருக்கு, ஆனா போக ஏலாது" என்று நீ அப்பாவுக்கு விளங்கப்படுத்தினாய். அப்பா வள்ளத்து மோட்டர் ஒன்றைக் கழற்றிக்கொண்டு இருந்தார். தலையை நிமிர்த்தாமல், "கையில திறப்பைத் தந்திட்டுக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிட்டாங்கள் போல" என்றார். நீ அப்போது சிரித்தாய். அதற்குப் பிறகு நீ கனகாலம் சிரித்து நான் காணவில்லை.

சூட்கேசுகள் முன்னறையிலேயே இருந்தன. குளிர் ஜக்கற்றுகளில் பூஞ்சணம் பிடிக்கும் என்று டிலானி அவற்றை எடுத்து வெயிலில் போடுவாள். மன்னார் வெயிலில், வேலியில், அந்தத் தடித்த ஜக்கற்றுகள். வழியால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். கோயில் பூட்டியிருந்தது, உயிர்த்த ஞாயிறுப் பூசையைப் போனில் பார்த்தோம். ஊரடங்கு தளர்ந்த பிறகு, "இன்னும் போகேல்லையோ?" என்று எல்லாரும் கேட்கத் தொடங்கினார்கள். நீ கடைக்குப் போவதை நிறுத்தினாய். காலையில் அப்பாவின் பட்டறைக்குப் போய், அவர் கேட்கிற ஸ்பனரை எடுத்துக் கொடுப்பாய். கணக்காளர் மகன் கையில் கிறீஸ் பூசிக்கொண்டு இருப்பதைப் பற்றி அப்பா ஒரு சொல் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

டிலானி ஒருநாள் காலைத் தேத்தண்ணியைக் குடிக்காமல் தள்ளி வைத்தாள். அடுத்த நாளும் வைத்தாள். "எத்தினை நாள் பிந்தியிருக்கு?" என்று கேட்டேன். "மாமி, உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள். மருத்துவிச்சியாக நான் ஓய்வு பெறும்வரைக்கும் செய்த வேலையே அதுதான், தெரியாமல் இருந்தால்தான் புதினம். அவள் உனக்குச் சொன்னபோது உன் முகத்தை நான் பார்த்தேன். சந்தோசம் இருந்தது. அதன் பின்னாலேயே கணக்கு ஓடியதும் தெரிந்தது. "விசாவில ரெண்டு பேர்தான் இருக்கு" என்றாய். பிரசவம் பார்க்கப்போன வீடுகளில் தகப்பன்மார் அந்த நேரம் இதைவிட மோசமாகவும் கதைத்ததைக் கேட்டவள் நான்.

செரா சுகமாகப் பிறந்தாள். அவள் பிறந்த முப்பத்தொராம் நாள் முடிந்து சில நாளில், ஊரில் கோயில் பெருநாள் வரமுன், கனடாவிலிருந்து உனக்கு மின்னஞ்சல் வந்தது. உங்கள் அனுமதியின் காலம் முடிந்துவிட்டது, இன்னும் வர விருப்பமா, உடனே புறப்பட ஆயத்தமா, குடும்பத்தில் ஏதாவது மாற்றம் உண்டா என்று கேட்டிருந்தார்கள். அன்று மத்தியானமே உன் மாமா ரொறன்ரோவில் இருந்து போன் எடுத்தான். என் தம்பியைப் பற்றி நீ கெட்டதாக நினைக்காதே. அவன் இங்கிருந்து போன காலத்தில் உண்மையைச் சொன்ன ஆட்களைத் திருப்பி அனுப்பினார்கள், மாற்றிச் சொன்னவர்கள் உள்ளே போனார்கள். அவன் படித்துக்கொண்ட பாடம் அது.

"அக்கா, நல்லாக் கேளுங்கோ. மாற்றம் ஒண்டும் இல்லை எண்டு எழுதச் சொல்லுங்கோ. ரெண்டு பேரும் வரட்டும். பிள்ளையை நீங்கள் வச்சிருங்கோ. ஒரு வருசம், மிஞ்சினா ரெண்டு. பிறகு கூப்பிடலாம்."

"முதல் ஏன் சொல்லேல்லை எண்டு அவங்கள் கேக்க மாட்டாங்களோ?"

"அதை அப்ப பாப்பம் அக்கா."

நீ விதிகளை வாசித்திருந்தாய். அறிவிக்காத பிள்ளையைப் பிறகு கூப்பிட முடியாமலே போகலாம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். அறிவித்தால் முழுவதும் மறுபடி முதலில் இருந்து தொடங்கும், எவ்வளவு காலம் என்று தெரியாது என்றும் சொன்னாய். இதுவும் கைவிட்டுப் போனால் இன்னொரு முறை விண்ணப்பிக்க உனக்கு வயது கூடிவிட்டது, புள்ளி போதாது. கொழும்பு வேலையும் போய்விட்டது. உனக்கு அது எவ்வளவு பெரிய விசயம் என்று எனக்கு விளங்காமல் இல்லை.

அடுத்த நாள் நான் கிணற்றடியில் பலகையில் இருந்து, கால்களை நீட்டி, செராவைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். நீ வந்து நின்றாய். பிறகு, "அம்மா, இவவை நீங்கள் வச்சிருப்பீங்களோ? கொஞ்சக் காலத்துக்கு" என்று கேட்டாய்.

"மாட்டன்."

"அம்மா?"

"மாட்டன் எண்டு சொன்னனான். துவாயை எடு, பிள்ளைக்குக் குளிரும்."

நீ துவாயை எடுத்துத் தந்தாய். தந்துவிட்டு, "ஊர்ப் பிள்ளையள் எல்லாரையும் பாத்தனீங்கள். என்ர பிள்ளையைப் பாக்க ஏலாதோ?" என்றாய். நான் அவளைத் துடைத்தேன். நீ போய்விட்டாய். அன்றிலிருந்து நீ என்னோடு கதைக்கவில்லை. சாப்பாட்டைப் பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சாப்பிட்டாய். அப்பாவிடம் போய், எனக்குச் சொல்லும்படி கேட்டிருக்கிறாய். அவர் உனக்குச் சொன்ன பதிலை எனக்கும் சொன்னார்: "அவ மாட்டன் எண்டா மாட்டன்தான். நீ போய் உள்ளதை எழுது."

அன்று நான் காரணம் சொல்லியிருக்கலாம். நீ கேட்கிற நிலையில் இல்லை. இப்போது சொல்கிறேன்.

நான் வேலை செய்த காலத்தில் இந்தக் கரையில் இருந்து எத்தனையோ பெண்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போனார்கள். கைக்குழந்தைகளைத் தாயிடமோ தமக்கையிடமோ விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு மாதாமாதம் கிளினிக்கில் நிறை பார்த்தது நான். அநேகமானவை குறைவில்லாமல்தான் வளர்ந்தன. நிறை சரி, ஊசி சரி, சிரிப்பும் சரி. அதனால் நானும் அதைப் பற்றிப் பெரிதாக யோசிக்கவில்லை. பிறகு ஒருத்தி திரும்பி வந்தாள். மகனுக்கு அப்போது மூன்று வயதுக்கு மேல். கையில் விளையாட்டுச் சாமானோடு கிளினிக்குக்கு வந்தாள். அவன் அவளுடைய கையைப் பிடிக்கவில்லை, பெரியம்மாவின் சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லாரும் போன பிறகு அவள் தனியாக வந்து என்னிடம் கேட்டாள்: "மிஸ்ஸி, இவனுக்கு என்னைப் பிடிக்கிறதுக்கு ஏதும் மருந்து இருக்கோ?" பகிடியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள். நான் அவளுக்குச் சத்து மாத்திரை கொடுத்து அனுப்பினேன். வேறு என்ன கொடுக்கலாம் என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது. நான் மாட்டேன் என்று சொன்ன இரண்டாம் நாள் டிலானி குசினிக்கு வந்தாள். வெங்காயம் உரித்துக்கொண்டே, "மாமி, நீங்கள் ஓம் எண்டு சொல்லியிருந்தா நான் போயிருப்பன்" என்றாள். கோபத்தில் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள். "அவர் கேட்டா எனக்கு மாட்டன் எண்டு சொல்ல வராது. விட்டிட்டுப் போயிருப்பன். அதுதான் எனக்குப் பயமாக் கிடந்தது." அவ்வளவுதான் சொன்னாள். பிறகு இரண்டு பேருமாகச் சமைத்தோம். உன் மனைவி மெதுவாகக் கதைக்கிறவள். நீ ஒரு விசயத்தை அவசரமாகக் கேட்டால் அவள் ஓம் என்றுதான் சொல்வாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. ஒருநாள் விட்டு மறுபடி கேள்.

நீ உள்ளதை எழுதி அனுப்பினாய். பிள்ளை பிறந்திருக்கிறாள், பெயர் இது, அவளையும் சேர்க்க வேண்டும் என்று. அனுப்பிய அன்று பட்டறையில் இருந்து வந்து செராவைத் தூக்கி வைத்துக்கொண்டு முற்றத்தில் நடந்தாய். என்னைப் பார்க்கவில்லை. பிறகு மாதக்கணக்காக எந்தப் பதிலும் இல்லை. உன்னோடு பாஸ்போட் அனுப்பியவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். பனியில் நின்று எடுத்த படங்களை அனுப்பினார்கள். நீ ஐஸ் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தாய். காலையில் சேர்ட்டைக் காற்சட்டைக்குள் விட்டுப் போவாய், மீன் மணத்தோடு வருவாய். செரா கவிழ்ந்தாள், தவழ்ந்தாள். அவள் முதல்முதல் எழும்பி நின்றது உன்னுடைய சூட்கேசைப் பிடித்துக்கொண்டு. நீ வேலையால் வந்ததும் டிலானி அதைக் காட்டினாள். நீ சூட்கேசைக் கொஞ்சம் இழுத்தாய், அவள் பிடியை விடாமல் பின்னால் இரண்டு எட்டு வைத்தாள். நீ வாய்விட்டுச் சிரித்தாய். வீணாய்ப் போன வருசம் என்று நீ சொல்கிற வருசத்தில்தான் அது நடந்தது.

பிள்ளைக்கும் மருத்துவப் பரிசோதனை செய்யச் சொல்லிக் கடைசியில் பதில் வந்தது. கொழும்புக்குப் போக வேண்டும். மாகாணம் விட்டு மாகாணம் போகத் தடை இருந்த நேரம். நீ கச்சேரி அலுவலகத்துக்கும் பொலிசுக்கும் அலைந்து பாஸ் எடுத்தாய். வழியில் பிள்ளைக்கு ஏதும் என்றால் என்று நானும் வான் வண்டியில் ஏறினேன், நீ வேண்டாம் என்று சொல்லவில்லை. மதவாச்சியில் மறித்தார்கள். மாஸ்க் போட்ட பொலிஸ்காரர் பாஸை வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, ஆட்களை எண்ணினார். பாஸில் எழுதியது மூன்று பேர், வானில் சாரதியைத் தவிர நான்கு பேர். "எக்கெனெக் வெடி" என்றார். ஒரு ஆள் அதிகம் என்று அர்த்தம். நான் இறங்குகிறேன் என்று எழும்பினேன். நீ என் கையைப் பிடித்து இருத்திவிட்டு, அவரிடம் உனக்குத் தெரிந்த சிங்களத்தில், இவர் என்னுடைய அம்மா, மிட்வைஃப், பிள்ளைக்காக வாறார் என்று சொன்னாய். அவர் மாஸ்க்குக்கு மேலால் என்னைப் பார்த்தார். தன் மனைவி பிள்ளைத்தாய்ச்சி, கால் வீங்கியிருக்கிறது, அது பரவாயில்லையா என்று கேட்டார். முகமும் வீங்கியிருந்தால், தலையிடியும் இருந்தால், இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்றேன். நீ அதைச் சிங்களத்தில் சொன்னாய். அவர் பாஸைத் திருப்பித் தந்து கையைக் காட்டினார். வான் வெளிக்கிட்டதும், "சாப்பிட்டீங்களோ அம்மா?" என்று கேட்டாய். பல மாதத்துக்குப் பிறகு நீ என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் சாப்பிடவில்லை, சாப்பிட்டேன் என்று சொன்னேன்.

மூன்று பேருக்கும் விசா வந்தது. நீங்கள் வெளிக்கிட்ட அன்று விமான நிலையத்துக்குள் பயணிகளைத் தவிர யாரையும் விடவில்லை, அதனால் நாங்கள் வீட்டு வாசலிலேயே அனுப்பிவைத்தோம். அங்கே இறங்கிய பிறகு நீ எடுத்த போனை அப்பா சத்தமாக வைத்துக் கேட்டார்.

"அம்மா, உள்ள வந்திட்டம்."

"பிள்ளை?"

"நித்திரை. அம்மா, அந்த ஒபிசர் எல்லாப் பேப்பரையும் பாத்திட்டு ஒரு கேள்வி கேட்டவ. இதில இருக்கிற ஆக்களை விட உங்களுக்கு வேற பிள்ளையள் இருக்கோ எண்டு."

"என்ன சொன்னனீ?"

"இல்லை எண்டு சொன்னனான். உண்மையத்தான் சொன்னனான். செரா என்ர தோளில கிடந்தவ. எண்டாலும் இல்லை எண்டு சொல்லேக்க அவவை இறுக்கிப் பிடிச்சிட்டன், முழிச்சு அழத் தொடங்கிட்டா."

அப்பா போனை என்னிடம் தந்துவிட்டு வெளியே போனார். அந்தக் கேள்வியை அங்கே கேட்பார்கள் என்று எனக்கு முன்பே தெரியாது. தெரிந்துதான் மாட்டேன் என்று சொன்னேன் என்று நீ நினைக்க வேண்டாம்.

கொரோனாப் பரிசோதனை முடிவு வரும்வரை நீங்கள் மாமா வீட்டு பேஸ்மன்றில் தனியாக இருந்தீர்கள். மாமா சாப்பாட்டைப் படியில் வைத்துவிட்டுப் போவான் என்றாய். டிலானி ஒரு வீடியோ அனுப்பினாள். நிலமட்டத்தில் ஒரு சின்ன யன்னல், அதற்கு வெளியே பனி. அந்தப் பனியில் உன் மாமா முழங்காலில் இருந்து, கண்ணாடியில் மூக்கை அழுத்திச் செராவுக்குக் கோமாளித்தனம் காட்டுகிறான். அவள் உள்ளே இருந்து கையைத் தட்டிச் சிரிக்கிறாள். அவளை விட்டுவிட்டு வரச் சொன்னவன் அவன்தான். அந்த வீடியோவைப் பார்த்த பிறகு நான் அவனோடு அதைப் பற்றிக் கதைக்கவேயில்லை. நீயும் கதைக்காதே.

ஆனால் அந்தப் பகிடியை நிறுத்து. உனக்கு அது வெறும் பகிடி, கஷ்டம் முடிந்தவன் சொல்கிற கதை. அவளுக்கு அது அவளைப் பற்றிய தகவல். அவள் கேட்டால், உனக்காகப் பொறுத்திருந்தோம் என்று சொல். வீணாய்ப் போனது என்பதும் பொறுத்திருந்தோம் என்பதும் ஒரே காலத்தைத்தான் சொல்கின்றன, பிள்ளைக்கு அவை இரண்டு வேறு செய்தி.

இனி நீ கேட்டதற்குப் பதில். நான் வருகிறேன். அப்பா வரமாட்டார், மோட்டர்களை விட்டுவிட்டு அவரால் இருக்க முடியாது. பிரசவத்துக்கு வந்து, டிலானி எழும்பி நடமாடி, உங்கள் வீடு வழமைக்குத் திரும்பியதும் நான் திரும்பிவிடுவேன். நிரந்தரமாக நிற்கச் சொல்லிக் கேட்காதே. அதற்குக் காரணம் குளிரும் இல்லை, ஊர்ப் பற்றும் இல்லை. நான் அன்று மாட்டேன் என்று சொன்னதற்குக் குவைத்துக்குப் போனவளின் கதை ஒரு காரணம் என்றேன். முழுக் காரணம் அது இல்லை. நீ கிணற்றடியில் வந்து கேட்டபோது என் மனம் ஓம் என்று சொல்லிவிட்டது. அவளை எந்த அறையில் படுக்கவைப்பது, எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்றுவரை ஒரு நொடியில் யோசித்து முடித்துவிட்டேன். நீ ஒரு வருசத்தில் கூப்பிட்டிருந்தாலும் நான் ஏதாவது சாட்டுச் சொல்லியிருப்பேன். காய்ச்சல் என்றிருப்பேன், பள்ளித் தவணை முடியட்டும் என்றிருப்பேன். அவளை உனக்குத் திருப்பித் தந்திருக்க மாட்டேன், மகன். அதுதான் எனக்குத் தெரிந்தது. அதனால்தான் வாயைத் திறந்ததும் முதலில் வந்த சொல் மாட்டன் என்பதாக இருந்தது. இதை அப்பாவுக்கும் நான் சொன்னதில்லை.

அங்கே பிரசவ அறைக்குள் தகப்பன்மாரை விடுவார்கள் என்று டிலானி சொன்னாள். செரா பிறந்த அன்று கொரோனா என்று உன்னை மன்னார் ஆஸ்பத்திரி வாசற் படலையோடு நிறுத்திவிட்டார்கள். பழைய ஆள் என்று என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அவளை முதலில் கையில் வாங்கியது நான். நீ உள்ளே வந்து பார்க்க அடுத்த நாளாகிவிட்டது. இந்த முறை ஒரு ஆளைத்தான் விடுவோம் என்றால் அம்மாவுக்கு அனுபவம் இருக்கு, அவ போகட்டும் என்று சொல்லாதே. நீ போ. டிலானியின் தலைமாட்டில் நில், அவள் கையை விடாதே, தாதிமார் சொல்வதை மட்டும் செய். பிள்ளையை நீ முதலில் வாங்கு. நான் செராவோடு வெளியே கதிரையில் இருப்பேன். எவ்வளவு நேரமானாலும் இருப்பேன்.

அம்மா
தோட்டவெளி